ஒட்டுண்ணி என்கிற வசவு

ஒட்டுண்ணி என்று மனிதனை ஏசுகிறவர்களுக்கு ஒட்டுண்ணியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது என் அபிப்பிராயம். வேலை கிடைக்காத பட்டதாரியை ஏசுகிறார்கள். அண்ணன் வீட்டில் இரண்டு வேளை சாப்பிடும் விதவைத் தங்கையை ஏசுகிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிற என்னையும் ஏசியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பிராணியின் கட்சியைப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

1865-இல் லகாஸ் துத்தியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, மத்தியதரைக் கடலில் பவள இனத்து உயிரொன்றை ஒட்டி வாழும் ஒரு ஜீவனை வர்ணித்து, லாரா என்று பெயரிட்டார். சாலஞ்சர் கப்பல் ஆழ்கடலிலிருந்து வாரிக்கொண்டு வந்த பவளத்தின் உடலுக்குள்ளே, அதன் உறவுப் பிராணி ஒன்றை ஃபௌலர் என்ற ஆங்கிலேயர் கண்டு 1889-இல் எழுதினார். அவர் வைத்த பெயர் பெத்ரார்க்கா. இத்தாலியக் கவி பெத்ரார்க் உருகி உருகிப் பாடிய பெண் லாரா. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. இரண்டும் இறால், நண்டு வம்சம்தான்.

ஆனால் எல்லா விஞ்ஞானிகளும் இப்படி ரசிகர்களாக இல்லை. 1880-இல் லண்டன் பேராசிரியர் லங்கெஸ்டர், நண்டின்மேல் ஒட்டி வாழும் இதே வம்சத்துப் பிராணி ஒன்றைக் காட்டி, சீரழிவு என்று தீர்ப்பளித்தார். திடீர்ப் பணம் வந்தவன் கெடுவது போல, உலகத்துச் செல்வம் குவிந்து ரோமாபுரி கெட்டது போல, ஒட்டுண்ணியும் கெட்டதாம். உலகத்துச் செல்வமெல்லாம் எந்தத் துறைமுகத்தில் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது என்று அவர் ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கலாம்!

காலும் கண்ணும் போனால் சீரழிவா? இருட்டில், இன்னொரு உடலின் சுவர்களுக்குள் வாழ்கிற ஜீவனுக்குக் கண் எதற்கு, ஸ்வாமி?

பவளத்துக்கு நஷ்டமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஒட்டுண்ணி எடுத்துக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை. வாஸ்தவம். ஆனால் பவளம் செத்தால் தன் வீடும் போயிற்று. இந்தக் குடும்பத்துப் பிராணிகள் சில குடியேறிய இடத்தில் பவளம் தன் எலும்பையே புடைக்கவைத்து அதைச் சுற்றி அறை கட்டிவிடுகிறது. மனசில்லாத விருந்தோம்பல்தான், இருந்தும் இரண்டும் பிழைக்கின்றன.

இதே ஆழ்கடலுக்கு இன்னொருவன் வருகிறான். கடலடியை வழித்துச் செல்லும் கனத்த இழுவலையோடு வருகிறான். நார்வே நாட்டுக் கடலில் குளிர்நீர்ப் பவளத் திட்டுகளில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை சேதமாகிவிட்டன என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 1999-இல்தான் அங்கே பவளத்தைக் காக்கச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் வளர்ந்த திட்டு, ஒரே இழுப்பில் தூள். அதோடு ஒட்டுண்ணியும் தூள்.

முன்னவன் வாடகை தராத குடித்தனக்காரன். பின்னவன் வீட்டையே இடிக்கிறவன். உலகம் முன்னவனை ஒட்டுண்ணி என்று ஏசுகிறது. பின்னவனைத் தொழிலதிபர் என்று மாலை போட்டு அழைக்கிறது.

இனி என்னை யாராவது ஒட்டுண்ணி என்றால் எனக்குக் கோபம் வராது. தொழிலதிபர் என்று சொல்லிவிடாமல் இருந்தால் சரி.