கட்டுச்சோறு பார்த்த ஊர்கள்

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு கூட்டம் கூடுவது வழக்கம். வருகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்கள். "வாத்தியார் ஸார்! நீங்கள் ஊர் சுற்றாத வருஷமே கிடையாது. எங்கே போகலாம், என்னென்ன எடுத்துக்கொண்டு போகலாம், சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். நம்மிடம் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் நமக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆசிரியத் தொழிலைப் பற்றிய வியாதி அது. கேட்டவர் மூன்று நிமிஷப் பதிலை எதிர்பார்த்து வந்திருப்பார். நாம் மூன்று பாடவேளைக்குப் பேசிவிட்டுத்தான் அவரை விடுவோம்.

இப்போதும் அதே கேள்விகள் வருகின்றன. ஆனால், பதில் சொல்லுமுன் நாம் சற்றுத் தயங்குகிறோம். தயக்கத்தின் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்.

பிரயாணத்தின் முதல் விதி, தன் கையாலேயே தூக்கிக்கொண்டு பிளாட்பாரப் படிகளில் ஏறி இறங்க முடியாத பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படாமல் இருப்பதுதான். நம் பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் பித்தளைக் கூஜாவும் பரணுக்குப் போய் வெகு காலமாகிறது. அவற்றைச் சுமந்த மனப்பான்மை மட்டும் இன்னும் பரணில் ஏறவில்லை. நாலு நாள் பிரயாணத்துக்குப் பத்து நாள் துணி எடுத்துப் போகிறவர்களை இன்றும் காண்கிறோம்.

நம்முடைய பையில் இருப்பவை இவை: இரண்டு ஜதைத் துணி, பருத்தித் துண்டு ஒன்று, சோப்பு, பத்து முழக் கயிறு, சிறிய டார்ச் விளக்கு, பெட்டியைப் படுக்கைக்குக் கீழேயுள்ள கம்பியோடு பிணைக்கச் சங்கிலியும் பூட்டும், நான்கைந்து மாத்திரைகள், அடையாள அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். இவற்றில் துண்டின் பெருமையைத் தனியே சொல்ல வேண்டும். அது குளித்தால் துவட்டும், வெயிலில் குடையாகும், சுருட்டி வைத்தால் தலையணை, விரித்தால் ஜமக்காளம். கயிற்றின் அருமை, ஈரத் துணியோடு விடுதி அறையில் விழித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கட்டுச்சோறு. இரவு ரயிலுக்கு இட்லிக்கு இணை வேறில்லை. ஆனால், சூடாக அடுக்கினால் வியர்த்துப் போகும். நன்றாக ஆறவிட்டு, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும் இடத்திலேயே கிழிந்துவிடும். மறுநாள் பகலுக்குப் புளியோதரை. தயிர் சாதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சோற்றைக் குழைத்து ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் சேர்க்க வேண்டும். ரயில் ஓட ஓட அந்தப் பால் தானாகத் தயிராகும். பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் புளிக்காமல் பதமாயிருக்கும்.

பிறகு சில பழக்கங்கள். ரயிலில் இடம் பதிவு செய்வதை நாளைக்கு என்று ஒத்திப்போடக் கூடாது. முன்பு 120 நாட்களுக்கு முன்னாலேயே பதிவு செய்யலாம். 2024-ஆம் வருஷம் நவம்பர் முதல் அது 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. நடுப் படுக்கைக்காரர் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில்தான் அதை விரித்து வைக்கலாம் என்பது விதி. இந்த விதியை அறிந்து வைத்திருப்பது நல்லது. அதைச் சொல்லிச் சண்டை போடாமலிருப்பது அதைவிட நல்லது. எதிர் ஆசனத்தில் இருப்பவரிடம் முதல் ஸ்டேஷனிலேயே சம்பளம் என்ன என்று விசாரிக்கக் கூடாது. இரண்டாவது ஸ்டேஷன் வரையிலாவது பொறுத்திருக்க வேண்டும்.

எங்கே போகலாம்? நாம் புதுப் புது ஊர்களைத் தேடி ஓடுகிறவர்கள் அல்ல. போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போகிற பழக்கம் நமக்கு. நாம் மனத்தைப் பறிகொடுத்த ஊர்கள் மூன்று.

முதலாவது தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1706-ல் சீகன்பால்கு பாதிரியார் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்றார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் இந்த ஊர் அச்சுக்கூடத்தில் அச்சேறி முடிந்தது. கோட்டைக்குச் சற்றுத் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் பாண்டிய மன்னன் கட்டுவித்த அந்தக் கோயிலின் முன் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அருகிலேயே தில்லையாடி இருக்கிறது. தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் தாயாரோடு சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் தாயார் பிறந்த ஊர் அது. மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம், 1915-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது கஸ்தூரிபாய் அம்மையாரும் கூடவே வந்ததையும், தேசத்தை அறிய அடிகள் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்ததையும் நாம் உருக்கமாக எடுத்துச் சொல்வதுண்டு.

இரண்டாவது, நீலகிரி மலை ரயில். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் இது ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரையில் தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பாதை ஒன்று உண்டு. எஞ்சின் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே மலை ஏறும். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இறங்குவதற்கு மூன்றரை மணி. அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்.

மூன்றாவது, தனுஷ்கோடி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போய்விடலாம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் வண்டி பிரயாணிகளோடு அலைக்கு இரையாயிற்று. கூரையில்லாத மாதா கோயிலும் ஸ்டேஷனின் இடிந்த சுவர்களும் மணலில் நிற்கின்றன. அந்த ஊருக்கு நாம் பதினொரு தடவை போயிருக்கிறோம். சுவரில் எந்தக் கல் எந்த வருஷம் விழுந்தது என்றுகூடச் சொல்லக்கூடிய நிலை நமக்கு வந்துவிட்டது.

இனி, தயக்கத்துக்கு வருவோம்.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட இரு கைகளைப் போல விரியும். புதியதிலோ நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. செய்தி படித்த அன்றே பன்னிரண்டாவது யாத்திரைக்கு நாம் நாள் பார்த்துவிட்டோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் பெண்ணுக்கு அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்த தாயாரிடம் போய், "அம்மா, ரயில் பாலத்திலே போகும்போது கடல் எவ்வளவு கிட்டத்தில் தெரியும்?" என்று கேட்டாள்.

"அப்பாவைக் கேள்" என்றாள் நம் வீட்டு அம்மாள். "நான் பார்த்ததில்லை. நான் கட்டிக் கொடுத்த சோறுதான் பதினொரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கிறது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாமும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் கோபிக்கவில்லை. வாழையிலையை வாட்டிக்கொண்டே, உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாம் கூடத்தில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தோம். மேலே ஜம்பமாக எழுதியிருக்கும் உபதேசங்களை நேயர்கள் தயவுசெய்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். துண்டு, கயிறு, சங்கிலி, வாட்டிய இலை, பாலில் பிசைந்த சோறு: இவற்றில் ஒன்றாவது நாம் கண்டுபிடித்ததா? அத்தனையும் அவளுடைய யோசனை. இருபது வருஷமாகப் பெட்டி கட்டுகிறவர் ஒருவர், பிரயாணம் செய்கிறவர் வேறொருவர் என்று நம் குடும்பம் நடந்திருக்கிறது. கஸ்தூரிபாய் அம்மையாரைப் பற்றி உருக்கமாகப் பேசிய வாத்தியாருக்கு அது உறைக்கவில்லை.

"நீயும் வாயேன்" என்றோம்.

"அத்தைக்கு மருந்து யார் கொடுப்பது?" என்றாள். அவள் அத்தை என்றது நம் தாயாரை. எண்பது வயதாகிறது, வேளைக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும். இந்தக் கேள்வியைப் போன இருபது வருஷங்களிலும் அவள் கேட்டிருக்கிறாள். அதற்குப் பெயர் கேள்வி அல்ல, மறுப்பு என்று எடுத்துக்கொண்டு நாம் நிம்மதியாக ரயிலேறியிருக்கிறோம். இந்தத் தடவை அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, தஞ்சாவூரிலுள்ள நம் தமக்கைக்கு டெலிபோன் செய்தோம். "நாலு நாள்தானே? வருகிறேன். இதற்கா தம்பி இத்தனை வருஷம் யோசித்தாய்?" என்றாள் அவள். நாம் யோசிக்கவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.

மூவருமாகக் கும்பகோணத்தில் இரவு ரயிலேறினோம். கீழ்ப் படுக்கைகளை ஒதுக்கும்போது, பெண்களுக்கு 45 வயதிலிருந்தே ரயில்வேயில் சலுகை உண்டு. அந்த விவரமே அப்போதுதான் நமக்குத் தெரிய வந்தது. பொழுது புலரும் வேளையில் வண்டி பாலத்தின் மேல் போயிற்று. வழக்கம்போல் நாம் 1914 என்று ஆரம்பித்தோம். "கொஞ்சம் பேசாமலிருங்கள்" என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபுறமும் கடல் தெரிய, பாலம் முடியும்வரையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் தன் கட்டுரைக்கு வேண்டியதைத் தாயைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

தனுஷ்கோடியில் நாம் மாதா கோயில் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கையில் அவளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், சங்குமாலை விற்கும் ஒரு ஸ்திரீயோடு குடிசைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்ட கேள்வி இதுதான்: "இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். நீங்கள் சோறு வடிக்க எங்கே போகிறீர்கள்?" அந்த அம்மாள் மணலில் தோண்டிய ஓர் ஊற்றைக் காட்டினாள். கைக்கெட்டும் ஆழத்தில் தெளிந்த தண்ணீர். வாயில் விட்டால் உப்பில்லை.

அதன் காரணம் பௌதிகப் பாடம். மழைத் தண்ணீர் மணலில் இறங்கித் தேங்குகிறது. கடல் தண்ணீரைவிட இலேசானதால், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. அளவாக அள்ளினால் இனிக்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். இதை வகுப்பில் பல தடவை நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆயினும் பதினொரு தடவை அந்த மணலில் நடந்தும், இங்குள்ளவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. செத்துப்போன ஊரைப் பார்க்கவே நாம் போய்க்கொண்டிருந்தோம். உயிரோடிருக்கும் ஊரை அவள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டாள்.

ஆகையால், "என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்கும் நண்பர்களை இப்போது நாம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறோம்: "உங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது யார்?" அவர்களுக்கு முதலில் டிக்கெட் வாங்குங்கள். மற்றச் சாமான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும். அதற்கு விடை தேடுவதும் பிரயாண ஏற்பாடுகளில் ஒன்றுதான்.

அதே வருஷம் காலாண்டு விடுமுறையில் நம் வீட்டு அம்மாள், தன் தங்கையோடு மலை ரயில் பார்க்கப் புறப்பட்டாள். வீட்டில் தங்கித் தாயாருக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். கட்டுச்சோறும் நாமே கட்டினோம். இரண்டு இலை கிழிந்தது. மூன்றாவது இலை எப்படியோ தாங்கியது. பாலின் சூட்சுமம் அவசரத்தில் மறந்துபோய்த் தயிரையே தாராளமாக விட்டுவிட்டோம்.

கரூர் தாண்டும்போது டெலிபோன் வந்தது. தயிர் சாதம் நன்றாகப் புளித்துவிட்டதாம். "ஆனாலும் சாப்பிட்டு விட்டோம்" என்றாள்.