பெயர் எழுதச் சொன்ன டீச்சர்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் பிராக் நகரப் படங்களைப் போட்டிருந்தேன். அதன் கீழே பழைய நண்பர் ஒருவர் எழுதினார்: “காஸாவில் இத்தனை குழந்தைகள் சாகும்போது யூதர்களின் பழைய சோகம் இப்போது எதற்கு டீச்சர்?” நல்ல மனிதர், வம்புக்காகக் கேட்கவில்லை. இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

ஜெர்மனியில் மகள் வீட்டில் இருந்தபோது, இரண்டு நாள் பிராகுக்குப் போய்வந்தோம். அங்கே பழைய யூதக் குடியிருப்பில் பிங்காஸ் என்றொரு ஜெபாலயம், இப்போது யூத அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பெயர்கள். போஹேமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள், ஏறத்தாழ 78,000 பேர். ஊர்வாரியாக எழுதியிருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தகவல் தெரிந்த தேதி. 1950களில் கையால் எழுதியது. 1968ல் சுவரில் ஈரம் ஏறிவிட்டதென்று மூடிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போகும்வரை திறக்கவில்லை, எழுத்துகளும் போய்விட்டன. 1990களில் அத்தனை பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். ஆயுசெல்லாம் வருகைப் பதிவேடு எழுதிய கை எனக்கு. அது எவ்வளவு வேலை என்று தெரியும்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். பிராகுக்கு வடக்கே தெரேசின் என்ற கோட்டை நகரத்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்தார்கள், அங்கிருந்துதான் ஆஷ்விட்ஸுக்கு ரயில் ஏற்றினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்தவர், புகழ்பெற்ற பௌஹாஸ் கலைப் பள்ளியில் படித்தவர். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுவரலாம். அதில் பெரும்பகுதி வரையும் பொருள்களாம்! தெரேசினில் பாடம் நடத்தத் தடை, படம் வரையத் தடையில்லை. பழைய ஆபீஸ் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத் தாள், கிடைத்ததில் எல்லாம் வரைய வைத்தார். வரைந்ததும் பெயர் எழுதச் சொல்வார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. செயல்வழிக் கற்றல் வந்த புதிதில் வகுப்பில் கம்பிப்பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடுவோம். எல்லார் படமும் பெயரோடு தொங்க வேண்டும், அதுதான் விதி. பார்வைக்கு அதிகாரி வருகிறார் என்றால் நான் என்ன செய்வேன் தெரியுமா? நன்றாக வரைகிற ஐந்தாறு பேர் படங்களையே பரவலாகத் தொங்கவிட்டு, மற்றதைப் பீரோவில் வைத்துவிடுவேன். யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்துத் தேடுவார்கள்.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. போர் முடிந்தபின் 1945ல் அவை பிராகின் யூத சமூகத்தாரிடம் வந்து சேர்ந்தன. வரைந்தவர்கள் ஏறத்தாழ 660 பேர், அவர்களில் 550 பேர் உயிரோடு இல்லை. இது தெரிவதே படங்களில் பெயர் இருந்ததால்தான்.

கண்காட்சியில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. அது பார்க்க வருகிறவர்களைப் பற்றியது. வழிகாட்டி “இவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்” என்றதும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. படத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். மூன்றடுக்குக் கட்டில்கள் இருந்தன. பூச்சாடி, வண்ணத்துப்பூச்சி, புகை வரும் வீடு இருந்தன. பஸ்கா பண்டிகை விருந்து மேசை, மெழுகுவத்தி ஏற்றும் வீடு என்று தொலைத்த பண்டிகைகளும் இருந்தன. இவை வகுப்பு வேலைகள். மேசைக்கு நான்கு காலையும் ஒரே பக்கம் போடும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. நின்று, யார் வரைந்தது, எத்தனை வயது என்று படித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்கிற மரியாதை. வெறுமனே அழுதுவிட்டுப் போவது நமக்காக அழுவது.

இனி நண்பருக்கு. அந்தப் பிள்ளைகள் செத்தபோது இஸ்ரேல் என்ற நாடே கிடையாது, அது 1948ல் வந்தது. அந்த நாட்டு அரசு இன்று செய்வதற்குக் கணக்குக் கேட்க வேண்டிய ஆட்கள் பத்து வயதில் வண்ணத்துப்பூச்சி வரைந்தவர்கள் இல்லை. இந்தப் படங்களைக் காட்டிக் காஸாவின் குண்டுவீச்சை நியாயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நான் இல்லை. காஸாவில் செத்த பிள்ளைக்கும் பெயர் உண்டு, வயது உண்டு, எங்கோ இடிபாட்டில் கிறுக்கிய நோட்டு ஒன்றும் கிடக்கும். அந்த நோட்டையும் ஒருநாள் யாராவது இப்படிப் பெயரோடு மாட்டினால், நடக்க முடிந்தால் அங்கேயும் போய் நிற்பேன். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்கக்கூடாது என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை சார்.

கீழே இறங்கி வந்ததும் மகள், “மணிக்கூண்டு பார்க்கணும்மா, நேரமாச்சு” என்றாள். போனோம். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

பிராக் போகிறவர்கள் சனிக்கிழமையில் இதற்குத் திட்டமிடாதீர்கள். யூதர்களின் ஓய்வுநாள், அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாடிப் படங்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி எடுத்துப்போங்கள், பெயர்கள் பொடி எழுத்து.