பதவிக்கு விதியா? சான்றுக்கு விதியா?

சங்கம் என்ற சொல்லோடு பிரிக்கவொண்ணாத பெயர் மதுரை. பழஞ்சங்கங்களைப் பற்றிய மரபுச் செய்திகள் ஒருபுறம் இருக்க, 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1902இல் தொடங்கிய அதன் 'செந்தமிழ்' இதழும் நாம் நன்கறிந்தவை. அச்சங்க மேடையில் எத்துணையோ அறிஞர் முழங்கியிருப்பர். அம்முழக்கம் காற்றோடு போயிற்று. அச்சில் நின்றது நமக்கு வாய்த்தது. கழகம் காண விழைவோர் இவ்வுண்மையை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

இதனை ஈண்டு எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அறிவியல் துறை நண்பர்கள் சிலர், தம் அறிவியல் கழகத்தின் உள்ளே வரலாற்று வட்டம் ஒன்று அமைக்க அண்மையில் முன்வந்தனர். நன்முயற்சி, வரவேற்கிறோம். விதிமுறைகளை நல்ல தமிழில் திருத்தித் தருமாறு வரைவொன்றை நம்மிடம் அளித்தனர். மொத்தம் பதினான்கு விதிகள். அவற்றுள் ஒன்பது பதவிகளைப் பற்றியவை. புரவலர், கௌரவத் தலைவர், தலைவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர், இணைச்செயலாளர் என நீண்டது பட்டியல். யார் யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. திரட்டும் ஏடுகளும் படங்களும் எங்கு இருக்கும், யார் பொறுப்பில் இருக்கும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அறிவியல் கழகத்திற்குள் வரலாறு எதற்கு எனச் சிலர் வினவுகின்றனர். 1935இல் கல்கத்தாவில் தோன்றி, 1970இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அமைப்பே இதற்கு விடை தந்துள்ளது. இந்திய அறிவியல் வரலாற்றைத் தொகுப்பதற்கென 1965இல் தனி ஆணையம் ஒன்று அங்கு அமைந்தது. 1966 முதல் அவ்வரலாற்றுக்கெனத் தனி ஆய்விதழ் வெளிவரலாயிற்று. 1971இல் சுருக்க வரலாற்று நூல் ஒன்றும் வந்தது. அந்நூலின் பதிப்பாசிரியருள் ஒருவரான டி. எம். போஸ் இயற்பியலாளர் என்பது நோக்கத்தக்கது.

நம் வட்டாரத்தில் மட்டும் பொருள் இல்லையா? 1895இல் பெரியாற்று நீரை மலை கடத்தி இச்சமவெளிக்குக் கொணர்ந்த அணை ஒன்று போதாதா? 1899இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் கதிரவ ஆய்வகம் இல்லையா? 1909இல் எவர்ஷெட் தம் பெயரால் வழங்கும் கண்டுபிடிப்பை நிகழ்த்தியது அம்மலையில்தான். கண்மாய்களும் மடைகளும் கலிங்குகளும் ஊர்தோறும் உள்ளன. அவற்றைக் கட்டிய அறிவைப் பதிந்தவர் சிலரே.

இனி விதிகளுக்கு வருவோம். அமெரிக்க இயற்பியல் கழகத்துள் 1980இல் தோன்றிய வரலாற்றுப் பிரிவின் நடைமுறை நம் சிந்தனைக்கு உரியது. தாய்க்கழகத்தின் உறுப்பினர் எவரும் அதில் சேரலாம். அங்கே துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெறுபவர் மறு ஆண்டு தலைவராவதற்குக் காத்திருப்பவராகிறார். அதன் பின் ஓராண்டு தலைவர். பின்னர் ஓராண்டு முன்னாள் தலைவராகச் செயற்குழுவில் அமர்கிறார். அதாவது, எவரும் நாற்காலியில் வேரூன்ற இயலாது. எனினும் பழைய செய்தி அறிந்தவர் ஒருவர் குழுவில் என்றும் இருப்பார். நம் ஊர்க் கழகங்களில் நாம் காண்பதோ இரண்டு கோடிகள். ஒன்று, இருபத்தைந்து ஆண்டு ஒரே தலைவர். மற்றொன்று, ஒவ்வொரு சூன் திங்களும் எல்லாரும் புதியவர், சென்ற ஆண்டு நடந்தது எவருக்கும் தெரியாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் நிருவாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகலாகாது என வரையறுத்துள்ளது. மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையின்மையால் அவ்வரம்பு பல இடங்களில் பெயரளவில் நிற்கிறது. கல்லூரி வட்டத்திற்கு அச்சட்டம் வேண்டுவதில்லை. அதன் உட்கருத்து வேண்டும்.

நண்பர்தம் வரைவில் நம்மை மிகவும் உறுத்தியது பதினோராம் விதி. 'வட்டத்தின் முடிவுகள் ஒருமனதாகவே வெளியிடப்பெறும்' என்றது அது. கேட்பதற்கு ஒற்றுமை போல் ஒலிக்கும். வரலாற்றுக்கு இது நஞ்சு. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றின் எழுத்து பிராமி என்று தெரிந்தும் மொழி யாது என்பதில் அறிஞர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழே என நிறுவினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் அங்கே நெடுஞ்செழியன் பெயரைத் தெளிவாகப் படித்தார். முன்னவர் எழுதியது அச்சில் இருந்தமையாலன்றோ பின்னவர் அதனைத் திருத்த முடிந்தது? ஒருமனதான முடிவுக்குக் காத்திருந்தால் சுப்பிரமணிய ஐயர் வாய் திறந்திருக்க இயலுமா? ஆகவே அவ்விதியை நீக்கி, மாறுபட்ட கருத்தை உடையவர் பெயரோடு அதே ஏட்டில் பதிய வேண்டும் என எழுதினோம்.

தாய்க்கழகத்தின் குறைகளை எழுதவும் வட்டத்திற்கு உரிமை வேண்டும் என்றோம். இதில் நண்பர்கள் சற்றே தயங்கினர். தயக்கம் இயல்பே. ஆனால் புகழ்மாலை தொடுப்பதற்கு விழா மலர்கள் போதும், இம்மலர் உட்பட!

சான்று பேணும் ஒழுங்கு நமக்கு அயலானதன்று. நபிமொழி அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதனை யார் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டனர். தொடரில் உள்ள ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆய்ந்தனர். வானியலறிஞர் அல்பிரூனி 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதப் புகுந்தபோது, கேட்டறிவதற்கும் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறியே நூலைத் தொடங்கினார். அறிவியலாளர் ஒருவரே வரலாற்றாசிரியராகவும் விளங்கியதற்கு வேறு சான்று தேட வேண்டுமோ? வட்டத்தில் படிக்கப்பெறும் ஒவ்வொரு கட்டுரையும் தன் செய்தி எவரிடமிருந்து, எவ்வேட்டிலிருந்து, எந்நாளில் பெறப்பட்டது எனக் குறித்தாக வேண்டும் என்பது நாம் சேர்த்த மற்றொரு விதி.

இவ்வரைவு நம் மேசையில் இருந்த நாளில் சமுதாயப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர்தம் பாட்டனார் ஹகீமாக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் மருத்துவக் குறிப்பேடு இரண்டனுள் ஒன்றை, பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் கண்காட்சிக்கென வாங்கிச் சென்றனராம். செயலாளர் மாறினார், பின்னர் அடுத்தவரும் மாறினார். கேட்டபோது எவருக்கும் தெரியவில்லை. "மற்ற ஏட்டையும் தரச் சொல்கிறீர்கள் தம்பி, திருப்பித் தருவது யார்?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை.

அன்றிரவே அவ்விதியை எழுதினோம். கடனாகப் பெறும் எவ்வேட்டிற்கும் இரு படிகளில் ரசீது. பொறுப்பாளர் இருவர் கையொப்பம். படம் எடுத்தபின் முப்பது நாளில் மூல ஏடு உரியவர் கையில் சேர வேண்டும். நடவடிக்கைப் பதிவேடு எவர் வீட்டிற்கும் போகலாகாது. கல்லூரி நூலகத்திலேயே இருத்தல் வேண்டும். வட்டம் கலைந்தாலும் அவை அங்கேயே இருக்கும்.

திருத்திய வரைவை நண்பர்களிடம் அளித்துவிட்டோம். பொன்னாடை விதியைத் தாமே அடித்துவிட்டனர். துணைத்தலைவர் மூவர் ஒருவராயினர். தாய்க்கழகத்தின் குறைகளை எழுதும் உரிமை மட்டும் பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. பெரியவரின் இரண்டாம் குறிப்பேடு இன்னும் அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.