டிக்கெட் விற்றவரே முதல் பொறுப்பாளி

உல்லாசப் படகு கவிழ்ந்து உயிர்கள் போனால் அடுத்து நடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த வரிசைதான். படகோட்டி கைதாவார், உரிமையாளர் தலைமறைவாவார், விசாரணை ஆணையம் அமையும், அரசு நிவாரணம் அறிவிக்கும். உயிர் பிழைத்துப் படுக்கையில் விழுந்தவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில், 14 பேருக்கான படகில் அதைவிட வெகு அதிகமானோரை ஏற்றிச் சென்றதில் 12 பள்ளி மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து இறந்தோர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் காயமடைந்தோருக்கு 50,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. நல்ல மனதோடு தரப்பட்ட பணம்தான். ஆனால், முதுகெலும்பு முறிந்த ஒருவருக்கு அது மருத்துவமனையில் எத்தனை நாளைக்குக் காணும்? அவருடைய வாழ்நாள் இழப்பை ஈடுகட்டும் கடமை, அந்தப் பயணத்தை விற்றுக் காசு பார்த்தவருக்கு இருக்க வேண்டும். அந்தக் கடமை யாருடைய தவறு என்று நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

படகில் காயம் எப்படி ஏற்படுகிறது என்று பார்த்தாலே இதன் நியாயம் புரியும். வேகப்படகில் முன்பக்க இருக்கையைத்தான் எல்லோரும் ஆசைப்பட்டுப் பிடிப்பார்கள். படகு அலைமேல் ஏறும்போது அதன் மூக்கு தூக்கிக்கொள்ளும், மறுநொடி நீரில் அறைந்து விழும். இருக்கையிலிருந்து எழும்பிய உடல் அதே வேகத்தில் கீழே மோத, இடுப்புக்கு மேலே உள்ள முதுகெலும்பு நசுங்கும். பார்ப்பவருக்குக் குதூகலமாகத் தெரியும் அந்தக் குலுக்கலிலேயே ஒருவர் நிரந்தரமாக நடக்க முடியாமல் போகலாம். வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் நீரில் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு இன்ஜின் நிற்கும். கயிற்றை மாட்டாமல் விட்டால் ஆளில்லாத வண்டி, குளிப்பவர்கள்மீது பாயும். முன் இருக்கையில் யாரை உட்கார வைப்பது, எவ்வளவு வேகத்தில் போவது, கயிறு மாட்டப்பட்டதா என்பதெல்லாம் படகை நடத்துபவரின் கையில் உள்ளவை. 200 ரூபாய் கொடுத்துப் பத்து நிமிடம் ஏறி இறங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. சோதனைச் சான்றிதழ், பராமரிப்பு ஏடு, பயணிகள் பட்டியல் எல்லாம் இருப்பதும் எதிர்த்தரப்பிடம்தான். நிலைமை இப்படியிருக்க, அலட்சியத்தை நிரூபித்துவிட்டு வா என்று காயம்பட்டவரிடம் சட்டம் சொல்வது பெரும் அநீதி.

இதை எதிர்ப்பவர்கள் முதலில் பயணியைத்தான் குற்றம் சொல்வார்கள். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் கேட்பதில்லை, செல்ஃபிக்காக எழுந்து நிற்கிறார்கள், ஒரே பக்கம் ஓடுகிறார்கள் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்திய ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அதில் பலர். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதால் படகு சாய்ந்தது என்றார்கள். விலங்கு காட்டுவதற்காகவே ஓடும் படகில் விலங்கைக் கண்டதும் ஆட்கள் ஒரு பக்கம் சாய்வார்கள் என்பது எதிர்பாராத ஒன்றா? அந்தச் சாய்வைத் தாங்கும் படகுதான் அந்த ஏரியில் ஓட வேண்டும். ஜாக்கெட் போடாதவரை ஏற்றிக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பதும் நடத்துபவரின் முடிவுதான். பயணியின் பங்கு உண்மையிலேயே இருந்தால் இழப்பீட்டை அதற்கேற்பக் குறைக்க நீதிமன்றங்களுக்குத் தெரியும். குழந்தையின் தலையிலோ அந்தப் பழியைச் சுமத்தவே முடியாது.

இருக்கிற சட்டம் போதாதா என்பது அடுத்த கேள்வி. அளவுக்கு மீறி ஆளேற்றி அல்லது பாதுகாப்பற்ற படகில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச்சென்று உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மரணம் நேர்ந்தால் இன்னும் கடுமையான பிரிவுகள் வருகின்றன. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு உரிமையாளர்மீது கொலைப் பிரிவிலேயே வழக்குப் பதிவானது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி அவர் ஆளேற்றியதை அதற்கு முந்தைய நாள்களில் தடுக்க யாரும் வரவில்லை. இழப்பீட்டுப் பக்கம் வந்தால், 2021இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது நல்ல தொடக்கம். பரிசலும் மிதிபடகும் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, யார் தவறு என்று கேட்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் தரச் சொல்கிறது. டவுன் பஸ்ஸில் அடிபட்டவருக்கு உள்ள இந்த உரிமை, படகில் அடிபட்டவருக்கும் அதே தெளிவோடு கிடைக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் பள்ளிச் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் 14 குழந்தைகள் மூழ்கிய வழக்கில், ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளியே பொறுப்பு என்று சொல்லி, குழந்தைக்குத் தலா 5 லட்சம் ரூபாயை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அழைத்துப் போனவரே பொறுப்பு என்ற அந்தத் தீர்ப்பின் வழி நமக்கு முக்கியம். ஆனால், 1997இல் நடந்த டெல்லி உபஹார் திரையரங்கத் தீ விபத்தில் 2011இல்தான் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைத் தீர்மானித்தது. உரிமம் கொடுத்த அதிகாரிகள் தரப்பை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தும்விட்டது. ஹர்ணி ஏரியில் ஒப்பந்தம் கொடுத்த விதத்தையே குஜராத் உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டதைப் பார்க்கும்போது, ஏரியைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கும் உள்ளாட்சி அமைப்பையும் பொறுப்பில் சேர்க்காமல் இந்த விவகாரம் முடியாது என்றே தோன்றுகிறது. அதைத் தீர்ப்புகளுக்காகக் காத்திருக்காமல் சட்டமன்றமே செய்யலாம்.

என்னை உண்மையிலேயே யோசிக்கவைக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளிப் பிழைப்பவரும், பருவம் முடிந்த பிறகு படகில் நாலு பேரை ஏற்றி அரிசி வாங்கும் மீனவரும் இந்தச் சுமையைத் தாங்குவார்களா? தனித்தனியாகத் தாங்க மாட்டார்கள், தாங்கச் சொல்லவும் கூடாது. பணம் வசூலாகும் இடத்திலேயே காப்பீடு சேர வேண்டும். ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகையில் 10 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. படகில் ஆபத்து கூடுதல் என்பதால் சில ரூபாய் ஆகட்டும். படகுத்துறையில் சீட்டு கிழிக்கும் ஊராட்சியோ சுற்றுலா வளர்ச்சிக் கழகமோ அதைக் கட்டணத்தோடு வாங்கி, துறை முழுவதற்கும் ஒரே குழுக் காப்பீடாக எடுத்தால் பரிசல்காரரும் பாதுகாக்கப்படுவார். இன்று விபத்து நடந்தால் முதலில் சிறைக்குப் போவதும் கடனில் மூழ்குவதும் அவர்தானே!

பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்தால்தான் தொழில் பிழைக்கும் என்று பெரிய முதலாளிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் 1851ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் மதிப்பு அளவுக்கு மட்டுமே உரிமையாளர் பொறுப்பு என்றது. 2019இல் கலிஃபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ படகு எரிந்து 34 பேர் இறந்த சில நாள்களிலேயே, அந்தச் சட்டத்தைக் காட்டி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். எரிந்து மூழ்கிய படகுக்கு மதிப்பு ஏது? 2022இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சிறு பயணிகள் படகுகளை அந்தச் சலுகையிலிருந்து நீக்கியது. உச்சவரம்பு என்ற அந்த வழியில் நாம் தொடங்கவே வேண்டாம்.

சட்டம் மாறும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ‘சொந்தப் பொறுப்பில் பயணம்’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அது அலட்சியத்தை மன்னிக்கும் பத்திரம் ஆகாது. காயம் பட்டால் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், படகின் பதிவு எண்ணைப் படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.