வாய் திறந்து கேட்பதும் விசுவாசமே

நோயாளியைக் காண வருவோர் விடைபெறும்போது, "கவலைப்படாதீர்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிச் செல்வது வழக்கம். அவர்கள் அன்பில் ஐயமில்லை, சொல்வதும் உண்மையே. ஆயினும் கட்டிலருகே அமர்ந்திருப்பவரின் மடியில் அப்போது மருந்துச் சீட்டு இருக்கும். நாளைய ஸ்கேனுக்குப் பணம் எங்கே என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அறந்தாங்கிக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் அவருடைய பிள்ளைகள் அண்டை வீட்டில் உண்டுகொண்டிருப்பர். வந்தவர் போனபின், கவலையோடு, கவலைப்பட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வும் அவருக்குச் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டாம் சுமை ஆண்டவர் வைத்ததன்று, நாம் வைப்பது.

நலமாயிருப்போர் நோயுற்றோருக்குக் கூறும் ஆறுதலில் ஏதோ ஒரு குறை உண்டு என்பதைத் தம் உடலிலேயே அறிந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த அவர், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் தங்கி, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் நிலையிலிருந்த சிறுமியரை மீட்டு வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில், மாலையிருட்டில், ஒரு குழிக்குள் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் மறையும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறையாகவே சுருங்கிற்று. ஜெபித்தோர் பலர், டோனாவூரிலேயே மருத்துவமனையும் இருந்தது. எனினும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. அப்படுக்கையிலிருந்து, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் மடல்களாக அவர் எழுதியதே 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூல்.

நம் பிரசங்க மேடைகளில் அம்மையாரைப் பற்றி அதிகம் சொல்லப்படுவது வேறொன்று. டோனாவூர் இல்லத்துக்காக அவர் மனிதரிடம் பணம் கேட்டதில்லை; தேவையை ஆண்டவரிடம் மட்டுமே வைத்தார்; பிள்ளைகள் பெருகியபோதும் அவ்வழக்கத்தை மாற்றவில்லை. பெரிய சாட்சி அது, நானும் வணங்குகிறேன். ஆனால் அது தம் ஊழியத்துக்கென அவர் தாமே ஏற்ற நெறி. கணவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துவிட்டு வெளியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு அதையே சட்டமாக்கி, "யாரிடமும் கேட்காதே, விசுவாசி" என்பது எவ்வகையில் நியாயம்? அம்மையாரும் படுக்கையில் விழுந்தபின், தம் இல்லத்தார் செய்த பணிவிடையை ஏற்றே அத்தனை ஆண்டுகளும் வாழ்ந்தார்.

எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றில் நாம் காகங்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் சில நாளில் ஓடை வற்றிற்று. அடுத்த உணவுக்கு ஆண்டவர் அவரை அனுப்பியது செல்வர் வீட்டுக்கன்று. சாறிபாத் ஊரில், கைப்பிடி மாவை மிச்சம் வைத்துக்கொண்டு சுள்ளி பொறுக்கிய ஒரு விதவையிடம். அங்கே எலியா மௌனமாய் நிற்கவில்லை. முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு அப்பமும் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியாகவே இருவர் வீட்டுக்கும் ஆண்டவரின் பராமரிப்பு வந்தது. அவர் கூச்சப்பட்டுப் பேசாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு.

மழையை நம்பி வாழும் மாவட்டம் நம்முடையது. மழை ஆண்டவர் கையில் என்று அறிந்தும், கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை ஐப்பசிக்கு முன்னரே வெட்டிவைக்கும் விவசாயியை அவிசுவாசி என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவமனையிலும் அப்படித்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துவரச் சொல்லி ஊருக்குப் போன் செய்வது கவலையின் அடையாளமன்று. பணமில்லை என்று மருத்துவரிடமே சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து இருக்கலாம். உடனே எடுக்க வேண்டாத பரிசோதனையும் இருக்கலாம். சொல்லாமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோரையும், "விசுவாசத்தால்" நிறுத்திவிடுவோரையும் பார்த்து மனம் நோகிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டினார். மருந்தை விடச் சொல்லவில்லை. நாளைய பாரத்தை இன்றைக்கே தூக்காதே என்றார். இன்றைக்கென்று ஒரு பாடு உண்டு என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

எல்லாரும் குணமடைவர் என்று நான் எழுத மாட்டேன். பவுல் தம் உடலின் முள் நீங்க மூன்று முறை வேண்டினார்; முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. அக்கிருபை பல நாள் ஒரு செவிலியரின் கையாகவோ அடுத்த கட்டில்காரரின் மகன் வாங்கிவந்த தேநீராகவோ வருகிறது. அது சிறிதென்று தள்ளிவிடாதீர்கள்.

காண வருவோருக்கும் ஒரு வேண்டுகோள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லுமுன், துணைக்கு இருப்பவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்று கேளுங்கள். ஓரிரவு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். விடிந்தபின் அந்தச் சொல்லைச் சொல்லலாம்.