சொருகிவிட்டால் பொருந்திவிடுமா?

வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்க சேமிப்பு சர்வர் ஒன்று வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், கடைக்காரரிலிருந்து பக்கத்து வீட்டுத் தம்பி வரை ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "பழைய டெஸ்க்டாப் ஒன்று, பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டு, ரெய்டு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாகம் எல்லாம் ஒன்றுதான், சொருகினால் சேர்ந்துவிடும்."

இதை நம்பி, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்குப் பஸ் ஏறுகிறார். மூணாறுக்காரர் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போகிறார். வாங்கியது சேரவில்லை என்றால் மாற்றிவர இன்னொரு நாள் சம்பளம் போகும். நகரத்தில் இருப்பவருக்கு இது சின்னத் தவறு, மலையிலும் எல்லையிலும் இருப்பவருக்கு அப்படியில்லை. அதனால் அந்தப் பதிலைப் பகுதி பகுதியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"டிஸ்க் எல்லாம் டிஸ்க்தான்"

இல்லை. ஹார்டு டிஸ்க்கில் தரவை எழுதும் முறை இரண்டு உண்டு. சி.எம்.ஆர். முறையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர். முறையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே ஏறியிருக்கும் ஓடுகளையும் கழற்றி அடுக்க வேண்டும் அல்லவா? இந்த டிஸ்க்கிலும் அதுதான் நடக்கிறது. எப்போதாவது படங்களைக் கொட்டிவைக்க இது போதும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போதுதான் இது திணறும். மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை நாட்கணக்கில் இழுக்கும். மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பி நாம் உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை.

விலை கொடுத்து வாங்கினால் தப்பிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் எனப்படும் இத்தகைய சேமிப்பு சர்வருக்கென்றே விற்ற 'ரெட்' வரிசையில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். வகை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதன்பிறகு அந்நிறுவனமே சி.எம்.ஆர். டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று பெயரிட்டுப் பிரித்தது. பெட்டியின் நிறத்தை நம்பாமல் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்த வகை என்று நிறுவனத்தின் பட்டியலில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

"பழைய டெஸ்க்டாப் சும்மாதானே கிடக்கிறது"

பழகிப் பார்க்க அது நல்ல வழி, மறுக்கவில்லை. சர்வர் தர மதர்போர்டும் பிழை திருத்தும் ஈ.சி.சி. ராமும் இல்லாமல் தொடங்கவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்களோடும் நான் உடன்படவில்லை. இந்தப் பயம் அதிகம் பேசப்படுவது ஜெட்.எஃப்.எஸ். கோப்பு முறையைப் பற்றித்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மாத்யூ ஆரன்ஸே, மற்றக் கோப்பு முறைகளைவிட அதற்கென்று தனியாக ஈ.சி.சி. கட்டாயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

ஆனால் சும்மா கிடப்பது சும்மா ஓடாது. 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட், கேரளத்தில் வரும் இரண்டு மாத பில்லில் 86 யூனிட். இன்டெல் என்100 போன்ற சிறிய பிராசசரோடு டிஸ்க் இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்தான். உபயோகம் கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் கட்டண முறையில் இந்த வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும்.

சேராத இடங்களும் உண்டு. சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் போட்டால் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செத்துவிடும். இது மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும். வெளிப்பெட்டியிலிருந்து கழற்றிய சில புது டிஸ்க்குகள் பழைய பவர் சப்ளையில் சுழலவே சுழலாது. சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் வரும் 3.3 வோல்ட்டை, அந்த டிஸ்க் 'நின்றுகொள்' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்வதே காரணம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். சர்வரை இயக்கப்போவது எந்த மென்பொருள் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு பாகம் வாங்குவதே சரியான வரிசை. ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், ஓப்பன்மீடியாவால்ட் அதைவிடக் குறைவிலும் ஓடும்.

"இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு?"

கோடை மழையிலும் ஐப்பசித் துலாமழையிலும் பிற்பகல் ஆனால் இடி இறங்கும் ஊர்கள் நம்முடையவை. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் விளக்குக்கும் வந்தது. கரண்ட் போய் அது பிடிப்பதற்குள் சர்வர் அணைந்து எழுவதும் உண்டு. யூபிஎஸ் மோடுக்கு மாற்றினாலும் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல பெரும்பாலான இன்வெர்ட்டர்களுக்கு வாய் கிடையாது. யூஎஸ்பி கேபிளால் இணையும் சிறிய யூபிஎஸ் அதைச் சொல்லும். சர்வர் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத் தானே அணையும். வாங்கும் முன் அந்த மாடலை உங்கள் மென்பொருள் அறியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வந்துவிட்டதால் இடிக்குப் பயமில்லை என்பதும் அரை உண்மை. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடத்தின் அடாப்டரிலும் அங்கிருந்து சர்வருக்குப் போகும் செம்புக் கேபிளிலும் வரும்.

"தமிழ்ப் பெயருக்கு என்ன தனிப் பொருத்தம்?"

உண்டு. சர்வர்களில் வழக்கமாக இருக்கும் லினக்ஸ் கோப்பு முறைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஆக 85 குறியீடுகள்தான். 'கொ' என்பதே இரண்டு குறியீடு. 'மறையூர் பெரியப்பா வீட்டுக் கல்யாணம்' என்று தொடங்கி ஊர், நாள், வந்தவர் எல்லாம் எழுதிய நீளப் பெயரை விண்டோஸ் ஏற்கும், சர்வர் ஏற்காமல் திருப்பிவிடும். பெயரைச் சுருக்கி, விவரத்தை ஃபோல்டரில் எழுதுங்கள்.

"ரெய்டு இருக்கிறது, பயமில்லை"

இதுதான் மிக ஆபத்தான வாதம். 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்த ரெய்டு, கூட்டாக ஓடும் டிஸ்க்குகளில் ஒன்று போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தவறுதலாக அழித்த படத்தை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். வீட்டுக்கு வரும் சேதத்தை அது தடுக்காது.

நம் மலைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1924 வெள்ளம் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே அடித்துக்கொண்டு போனது, அது திரும்ப வரவே இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு அவற்றுக்குள் இருந்த அத்தனையும் மண்ணுக்கடியில் போனது. அந்த உயிர்களுக்கு முன் எந்தப் பொருளும் பெரிதில்லை. ஆனால் போனவரின் முகம் ஒரு படத்திலாவது இருக்க வேண்டும் என்று மிஞ்சியவர் மனது தேடும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டிஸ்க் அந்த நாளில் ஒரே டிஸ்க்தான்.

ஆகவே பட்ஜெட் போடும்போதே மூன்றாவது, நான்காவது டிஸ்க்குக்கும் இடம் விடுங்கள். சர்வர் சற்றுச் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லையில் வாழும் நமக்குக் கோவையிலோ போடியிலோ கம்பத்திலோ ஓர் அத்தை வீடு, ஒரு மாமா வீடு இல்லாமல் இருக்காது. பொங்கலுக்குப் போகும்போது நகல் எடுத்த டிஸ்க்கை அங்கே வைத்துவிட்டு, போன முறை வைத்ததை எடுத்து வாருங்கள். சொருகுவதற்கு முன் யோசிக்க வேண்டிய பொருத்தம் அந்த வீட்டு அலமாரி வரைக்கும் நீள்கிறது.