"ஞாபகம் இருக்கும் சார்" – இருக்காதுங்க!

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் கோபமா ஒரு த்ரெட்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரி. டெங்கு சீசன். காய்ச்சல் வரிசை கேட் வரைக்கும் நின்றது. என்ன செய்யலாம்னு உட்கார்ந்து பேசினோம். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தர் ஏதோ யோசனை சொன்னாங்க. "அதெல்லாம் நடக்கிற கதையா?" என்று ஒரு குரல். பேச்சு ஆள் பற்றாக்குறைக்குத் தாவியது.

ரெண்டு வாரம் கழித்து, வரிசையில் நின்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். அக்காவிடம் போய்க் கேட்டேன். "வயசானவங்களுக்கு என்னமோ சொன்னேன் சார், இப்ப நெனப்பு வரல."

எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை. பேனா என் பாக்கெட்டில்தான் இருந்தது.

இது அக்காவின் குறை இல்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி. 1959-ல் பீட்டர்சன் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். மூன்றே எழுத்துகளைச் சொல்லி, உடனே எண்களை மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்ல வைத்தார்கள். 18 விநாடியில் பெரும்பாலும் மறந்துபோனது. மீட்டிங்கில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதும் கிட்டத்தட்ட அந்த எண்ணிக்கைதான்.

"ராமானுஜன் மாதிரி மூளை இருந்தா எழுதவே வேணாம்"னு ஒரு பெருமை வேற. ராமானுஜனே எழுதினாருங்க! காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழி போச்சு, விடை தங்கியது. அந்த நோட்டுகளை நிரூபித்து புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகள் போட்டு முடித்தது 1998-ல். கடைசிக் காலத்துத் தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்ணில் பட்டன. எழுதாமல் விட்டிருந்தால்?

கலசப்பாக்கம் பக்கம் பட்டு நெய்யும் அண்ணன் ஒருத்தர் இடுப்பு வலியோடு வந்தார். புது பார்டர் தோன்றினால் என்ன செய்வீங்கன்னு கேட்டேன். "தறி பக்கத்துச் சுவத்துல சாக்பீஸால கிறுக்கிடுவேன் சார். நல்லாருக்கா இல்லையான்னு அப்புறம்தான் பாப்பேன்."

படிச்ச நாம தலைகீழா செய்யறோம். முதலில் பட்ஜெட், அப்புறம் சர்க்குலர், அதற்குள் யோசனை செத்துப் போச்சு. நோட்ஸ் ஆப்பைத் திறக்கறேன்னு போய் வாட்ஸ்அப்பில் உட்காருபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போ நான் இருக்கும் மீட்டிங்கில் பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று தருகிறேன். முதல் மூணு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. எழுத வராதவங்க சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அவங்க வார்த்தையிலேயே எழுதணும். எழுத்துப் பிழை, கிறுக்கல், அரை வாக்கியம் எல்லாம் ஓகே. எல்லாத் தாளும் மேசைக்கு வரும் வரை "நடக்குமா?" என்று கேட்பவருக்கு டீ கிடையாது.